மேற்படி

மழையால் என்று மறுபடியும் போட்டிருக்கிறார்கள், கையில் கொடுத்த தாளில் ஆறாவது தீர்மானம், கனமழையால் சேதமடைந்த நெட்டூரணி ஓடைப் பாலத்தைச் சீரமைக்க மழைச் சேத நிதி கோருதல், எத்தனை தடவை படித்தாலும் அந்தச் சொல் பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி வரமாட்டேன் என்கிறது. மழையால். எந்த மழையால்? செப்டம்பர் மாதம், பாலம் உட்கார்ந்த அன்றைக்கு என் வீட்டு மொட்டை மாடியில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது, வீட்டுக்காரி பழைய சேலையை விரித்து மூன்று நாளாகக் காயப்போட்டிருந்தாள், சத்தம் கேட்டு நான் மாடிக்கு ஓடினபோது காலில் மிளகாய் மிதிபட்டுச் சடசடவென்று உடைந்தது. நனைந்த மிளகாய் உடையாது. இதை யாரிடம் போய்ச் சொல்ல, சொன்னேன், சொல்லாத ஆளில்லை. இப்போது ஜனவரி இருபத்தாறு, மெடல்களைச் சட்டையில் குத்தி வந்திருக்கிறேன், கொடியேற்றி முடிந்துவிட்டது, மிட்டாய் கொடுத்தாயிற்று, ஊராட்சி அலுவலகத்துக்கு முன்னால் பந்தல் போட்டுக் கிராமசபை, முன்வரிசையில் எனக்கென்று ஒரு சிவப்பு நாற்காலி. என் பெயர் பரமார்த்தலிங்கம், இருபத்துநாலு வருஷம் பட்டாளத்தில் பாலம் போட்டவன், ஹவில்தாராக ஓய்வு பெற்றவன், ஊருக்கு வெறும் மிலிட்டரி. முன்வரிசை நாற்காலி எனக்குக் கொடுத்த மரியாதை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு பெரிய மடையன் நான். கையெழுத்து நோட்டு முதலில் என்னிடம் வரவேண்டும், அதற்குத்தான் முன்வரிசை.

நோட்டு இன்னும் மேஜை மேலேதான் இருக்கிறது. ஊராட்சிச் செயலர் இசக்கியப்பன் அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான், பெயர், தெரு, கருத்து, கையெழுத்து, நாலு கட்டம், ஆறாவது தீர்மானத்துக்கு மட்டும் ஊர் மக்கள் கருத்து தனியாக வேண்டுமாம், அதற்குத் தனி நோட்டு. பக்கத்தில் தலைவி செல்வரதி, மடியில் கை கோத்து உட்கார்ந்திருக்கிறார், நல்ல பெண்பிள்ளை, அவர் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் அவருடைய வீட்டுக்காரர் தங்கபாண்டி, பந்தல் ஓரம் நின்று சுண்டல் வாளிக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறாரே அவர்தான், பாலத்தைக் கட்டினதும் அவர்தான், காகிதத்தில் மச்சினன் பெயர். இப்போது அதே பாலத்தைச் சீர் செய்யப்போவதும் மச்சினன்தான். ஒரு பாலத்தை இரண்டு தடவை சாப்பிடுகிறார்கள், முதல் தடவை மண்ணைக் கலந்து, இரண்டாவது தடவை மழையைக் கலந்து. எனக்குப் பின்னால் நாலாவது வரிசையில் முப்புடாதி இருக்கிறாள், திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, கைத்தடியை நாற்காலிக் காலில் சாய்க்கும் சத்தம் வந்தது. பால்காரி. இரண்டு பக்கமும் கேன் கட்டி டிவிஎஸ் வண்டியில் காலையில் ஓடை தாண்டுவாள், அன்றைக்கு வண்டி பாலத்து முனையில் ஏறும்போது முனையே கீழே போய்விட்டது. நான் ஓடிப்போனபோது ஓடை முழுக்கப் பால், காய்ந்த மணல் அதைக் குடித்துக்கொண்டிருந்தது, தண்ணீர் ஒரு கை அளவுகூட இல்லாத ஓடையில் பால் ஓடிற்று, அதில் அவள் தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை. அண்ணாச்சி, சொசைட்டிக்கு யாரையாவது சொல்லிவிடுங்க, நான் வரமாட்டேன்னு, என்று சொன்னாள். அந்தக் காலில் இப்போது கம்பி இருக்கிறது. பாலத்தில் இருக்கவேண்டிய கம்பி.

அவளுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை, நான் எழுதினது. தெரிந்துதான் இருக்கும். மே மாதம் திறப்பு விழாவுக்குத் தங்கபாண்டி வீடு தேடி வந்தார், அண்ணாச்சி நீங்க பட்டாளத் தொப்பி போட்டு மெடல் குத்தி வரணும், உங்களுக்குத்தான் முதல் மரியாதை. அதற்கு ஒரு மாதம் முன்னாலேயே நான் அந்த இடத்தைப் பார்த்திருக்கிறேன், காலை நடை போகும்போது, ஓடை மணலைச் சலிக்காமல் அள்ளிக் கொட்டினார்கள், கையில் எடுத்துக் கசக்கினேன், மண், உள்ளங்கையில் சேறாக ஒட்டிற்று, கரைச் சுவருக்குப் பின்னால் ரொப்பின மண்ணைத் திமிசு போட்டு இறுக்கவே இல்லை, சும்மா கொட்டி மேலே மூடினார்கள். தங்கபாண்டியிடம் சொன்னேன். சிரித்தார், இது என்ன உங்க பட்டாளத்து டாங்கி போற பாலமா, மாட்டுவண்டி போற பாலந்தானே என்றார். நானும் சிரித்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை, கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் தொப்பி போட்டுப் போனேன், பொன்னாடை போர்த்தினார்கள், கழுத்தெல்லாம் வேர்த்தது, சுகமாகவும் இருந்தது, இருபது வருஷமாக யாரும் எனக்கு ஒன்றும் போர்த்தவில்லை. இசக்கியப்பன் நோட்டை நீட்டினான், இங்க போடுங்க அண்ணாச்சி என்று விரலை வைத்தான். பட்டாளத்துப் பழக்கம் ஒன்று உண்டு, ஆபீசில் விரல் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அந்த இடத்தில் கையெழுத்து, படிக்கிற வழக்கமெல்லாம் கிடையாது, சம்பளமோ கம்பளமோ விரல் காட்டும் கை போடும். கருத்து என்ற கட்டத்தில் விரல் நின்றது. நன்று என்று எழுதினேன். முத்து முத்தாக எழுதினேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்தக் கட்டத்தில் இரண்டு சின்னக் கோடு இழுத்தார்கள், மேற்படி, மேற்படி, மேற்படி, எங்கள் ஊர் வழக்கம் அது, வடக்குத் தெரு என்று முதல் ஆள் எழுதினால் கடைசி ஆள் வரைக்கும் கோடுதான், தெற்குத் தெருக்காரனும் அதே கோட்டைத்தான் போடுவான். ஊர் முழுக்க நன்று சொல்லிவிட்டது. மறுநாள் பேப்பரில் என் படம், பாலம் தரமானது, ராணுவப் பொறியாளர் சான்று. நான் பொறியாளன் இல்லை. அதைக்கூட யாரும் கேட்கவில்லை, நானும் அந்தப் பேப்பரை இரண்டு வாங்கினேன்.

பேப்பர்க்காரன் அதோ நிற்கிறான், அருள்செல்வன், கழுத்தில் அட்டை, கையில் போன். கெட்டவன் என்று சொல்ல வாய் வரவில்லை, கெட்டவனாக இருந்தால் வசதியாகத் திட்டிவிட்டுப் போகலாம். பாலம் உட்கார்ந்த மூன்றாம் நாள் தாலுகா ஆபீசுக்கு எதிரில் அவன் இருக்கிற மாடிக்கு ஏறிப் போனேன், தம்பி, மழை பெய்யவில்லை, நீ மழையால் என்று போட்டிருக்கிறாய் என்றேன். எழுந்து நாற்காலி போட்டான், டீ சொன்னான், அண்ணாச்சி நான் எழுதறது ஒண்ணு, அங்க அச்சாகி வர்றது ஒண்ணு, தங்கபாண்டி அண்ணன் வருஷா வருஷம் பொங்கலுக்கு முழுப்பக்கம் வாழ்த்து கொடுக்கிறார், நான் என்ன செய்ய என்றான். ஓடைக்கு வந்து பார்த்தாயா என்றேன். வரவில்லையாம், போனில் சொன்னார்களாம். போனிலேயே மழையும் பெய்துவிட்டது. ஆசிரியருக்கு எழுதினேன், இரண்டு பக்கம், மணல், கம்பி, திமிசு போடாத மண், தேதி, மிளகாய் வற்றல்வரைக்கும் எழுதினேன், வாசகர் கடிதத்தில் இரண்டு வரி வந்தது, நெட்டூரணி ஓடைப் பாலத்தை விரைந்து சீரமைக்க வேண்டும், இப்படிக்கு முன்னாள் ராணுவ வீரர். தங்கபாண்டி அதை வெட்டி எடுத்து மனுவோடு வைத்துக்கொண்டார். ஒரு டிவிக்காரப் பெண் காமிராவோடு வந்தது, முகத்துக்கு முன்னால் மைக்கை நீட்டி, சார் பனியில நின்ன அனுபவம் சொல்லுங்க, எதிரியை நேருக்கு நேர் பார்த்திருக்கீங்களா என்று கேட்டது. பார்த்திருக்கிறேன் அம்மா, நேற்றுக்கூடப் பார்த்தேன், சிரித்த முகத்தோடு நின்றார் என்று சொல்லியிருக்க வேண்டும், அப்போது தோன்றவில்லை, எல்லாம் படி இறங்கினபிறகுதான் தோன்றுகிறது. பாலத்தைப் பற்றி நான் சொன்னது முழுவதையும் வெட்டிவிட்டுப் பனியை மட்டும் காட்டினார்கள், வீட்டுக்காரி தெருவில் எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தாள், பாவம்.

சுண்டல் வந்தாயிற்று, வாங்கவில்லை. இன்றைக்கு எழுந்து பேசியே தீருவது என்று வந்திருக்கிறேன், காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று நாலு தடவை சொல்லிப்பார்த்தேன், தலைவர் அவர்களே, பொதுமக்களே, ஆறாவது தீர்மானத்தில், அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. பேச்சு எனக்கு வராது. நாலு பேர் பார்த்தால் சொல்லெல்லாம் பரேடு கட்டளை மாதிரி ஒற்றை ஒற்றையாக விழுகிறது. அக்டோபரில் நடந்த கிராமசபையில் எழுந்தேன், மண்ணு என்று ஆரம்பித்தேன், மைக் இர்ரென்று ஊளையிட்டது, யாரோ வயரைப் பிடுங்கினார்கள், கரண்டு போயிட்டு அண்ணாச்சி என்றார்கள், தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். இன்றைக்குக் காலையில் வீட்டுக்காரி காப்பியை வைத்துவிட்டு, பேசுங்க, ஆனா நீங்க எழுதினதையும் சேர்த்துப் பேசுங்க என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். காப்பியைக் குடிக்காமலே வந்துவிட்டேன். ஏனென்றால் கண்ணாடி முன்னால் நாலு தடவை சொன்ன பேச்சில் அது இல்லை, தங்கபாண்டி இருந்தார், மச்சினன் இருந்தான், பேப்பர் இருந்தது, நான் இல்லை. பேச்சு வராவிட்டாலும் ஒன்று நிச்சயம், நோட்டில் கையெழுத்துப் போடமாட்டேன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், விரல் எந்தக் கட்டத்தைக் காட்டினாலும் சரி.

இசக்கியப்பன் எழுந்துவிட்டான், தலைவியிடம் ஏதோ கேட்கிறான், நோட்டை மார்போடு அணைத்திருக்கிறான். சுபேதார் வேலப்பன் இப்படித்தான் லோடு ரிஜிஸ்டரை அணைத்துக்கொண்டு வருவார், நாகர்கோவில்காரர், கட்டை குட்டையான மனுஷன், சின்னவன் பெரியவன் யாராக இருந்தாலும் தம்பி என்றுதான் கூப்பிடுவார், எங்கள் படைக்கே வடநாட்டில் தம்பிகள் என்றுதான் பெயர். பாலம் கட்டி முடித்தால் முனையில் மஞ்சள் வட்டப் பலகை ஒன்று நடுவோம், இத்தனை பாரம் தாங்கும் என்று எண், அந்த எண்ணுக்குக் கீழே ரிஜிஸ்டரில் கையெழுத்து. அதற்கு முன்னால் வேலப்பனிடம் அவருக்கே உரிய ஒரு வழக்கம் இருந்தது, முதல் லாரி ஏறும்போது ஆணி அடித்தவன் அத்தனை பேரும் கரையோரம் பாலத்துக்குக் கீழே வந்து நிற்கணும், அவரும் நிற்பார். எனக்கு இருபத்திரண்டு வயது, கீழே ஆற்றில் பனி உருகி ஓடுகிறது, விரல் மரத்துப்போய் ஓர் ஆணிக்குக் கிளிப் மாட்டாமல் விட்டுவிட்டேன், விரல் நீளம்கூட இல்லாத கம்பிக் கிளிப், ஆணி நழுவாமல் பிடிக்கிறது அதுதான், யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டேன். எல்லோரும் கீழே வாங்க தம்பி என்றார். நின்றோம். மேலே லாரி உறுமத் தொடங்கிற்று. என் பக்கத்தில் நின்ற பீகார்க்காரன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான், அவன் தலையைப் பார்த்தேன், அதற்கு நேர் மேலேதான் அந்த ஆணி. வாயிலிருந்து சத்தம் வந்தது, எனக்கே கேட்டது, சாப், ஒரு கிளிப் நான் போடவில்லை. வேலப்பன் கையைத் தூக்கி லாரியை நிறுத்தினார், பின்னால் வரிசையாக வண்டிகள், மேஜர் கத்துகிறார். வேலப்பன் என்னைப் பார்த்து, சொன்னியே தம்பி, போ, போய் மாட்டு என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை, ரிப்போர்ட் எழுதவில்லை. ஏறிப் போய் மாட்டினேன். திரும்பி வந்து பழைய இடத்திலேயே நின்றேன், லாரி போயிற்று, மண் துளிகூட உதிரவில்லை.

அண்ணாச்சி. இசக்கியப்பன் முன்னால் நிற்கிறான், நோட்டு மடியில் விழுந்துவிட்டது, பேனாவும் திறந்தே வந்துவிட்டது, ஒப்புதல்னு எழுதிப் போட்டுருங்க, உங்க கையெழுத்து நல்லாருக்கும் என்கிறான், விரல் மூன்றாவது கட்டத்தில் நிற்கிறது, நகத்தில் மசி. கையைக் கட்டிக்கொள்வதுதான் திட்டம். ஆனால் நான் போடாவிட்டால் நோட்டு பக்கத்து நாற்காலிக்குப் போகும், அங்கே பிச்சைக்கண்ணு, ரேஷன் கடையில் எடை போடுகிறவர், அவர் ஒப்புதல் என்று எழுதுவார், அதற்குக் கீழே ஊர் முழுக்கக் கோடு, முப்புடாதி வரைக்கும் கோடு, அவள் காலை உடைத்தது மழைதான் என்று அவளே இரண்டு கோடு போடுவாள். முதல் வரி யாருடையதோ ஊர் அவனுடையது. அப்படியென்றால் முதல் வரியை ஏன் விடவேண்டும்? இத்தனை மாதமாக இது எப்படித் தோன்றாமல் போயிற்று, பேப்பர் வேண்டும் டிவி வேண்டும் மைக் வேண்டும் என்று ஏறாத மாடியெல்லாம் ஏறினேன், எழுதுகிற இடம் என் மடிக்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. பெயர் எழுதினேன். தெரு எழுதினேன். மூன்றாவது கட்டத்தில், மழை பெய்யவில்லை. முத்து முத்தாக வந்தது. கையெழுத்தும் போட்டேன். இசக்கியப்பன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நோட்டை எடுத்துப் பிச்சைக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டான், அவர் சுண்டலை இடது கைக்கு மாற்றிப் பேனாவை வாங்குகிறார், படிக்கவில்லை, படிக்கவே இல்லை, கோடு போடப் போகிறார். போட்டுவிடுவார்கள் எல்லோரும். ஜெயித்துவிட்டேன். அவ்வளவுதான், பேசவே வேண்டியதில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். தங்கபாண்டி என்னை வைத்துச் செய்ததை நான் ஊரை வைத்துச் செய்தாயிற்று. அதே கோடு, அதே சுண்டல். கிளிப் மாட்டாத ஆணி. எழுந்துவிட்டேன், எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை, நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பிச்சைக்கண்ணு, நில்லுங்க. பரேடு மைதானத்துக்குக் கொடுக்கிற குரல் அது, மைக் தேவைப்படவில்லை, பந்தலில் எல்லாத் தலையும் திரும்பிற்று.

“அந்த நோட்டுல நான் மழை பெய்யலன்னு எழுதியிருக்கேன். படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க. படிக்காம யாரும் கோடு போட வேண்டாம்.”

தங்கபாண்டி சுண்டல் வாளியை விட்டுவிட்டு வந்தார், முகத்தில் சிரிப்பு மாறவில்லை, அதுதான் அவருடைய சாமர்த்தியம், அதே சிரிப்பு, நான் சேர்ந்து சிரித்த சிரிப்பு.

“பாலம் நல்லாருக்குன்னு நோட்டுல எழுதினது யாரு அண்ணாச்சி? நீங்கதான எழுதினிய?”

வந்துவிட்டது. வீட்டுக்காரி காப்பியோடு வைத்துவிட்டுப் போன கேள்வி. மேலே லாரி உறுமுகிற சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

“ஆமா, நான்தான். அது பொய். மணல்ல மண்ணு கலந்தத கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் அந்தப் பொய்ய எழுதினேன். முப்புடாதி காலுக்கு உங்க பங்கு எவ்வளவோ எனக்கும் அவ்வளவு உண்டு.”

ஒற்றை ஒற்றையாகத்தான் விழுந்தது, ஆனால் விழுந்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது, பனியில் பயந்ததில்லை இப்படி, அவள் காறித் துப்பினால்கூட நியாயம்தான், துப்பட்டும் என்று நின்றேன். தடி தரையில் ஊன்றுகிற சத்தம், ஒரு தடவை, ஒரு இழுப்பு, மறுபடி ஒரு தடவை, நாலாவது வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வர அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது, இந்த ஐந்து மாதமும் அவள் எல்லா இடத்துக்கும் இப்படித்தானே போயிருப்பாள். என் பக்கம் பார்க்கவில்லை. பிச்சைக்கண்ணு கையிலிருந்து நோட்டை வாங்கினாள், வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள், தலைவியின் மேஜையில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதினாள். இசக்கியப்பன் பக்கத்தில் போய்ப் பழக்கதோஷத்தில், மேற்படி போட்டாப் போதும்க்கா என்றான். அவள் காதில் வாங்கவில்லை. தலைவி செல்வரதி நோட்டு நகராமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார், வீட்டுக்காரர் செல்வி என்று அதட்டினபிறகும் கையை எடுக்கவில்லை. அருள்செல்வன் போனைத் தூக்கிப் படம் எடுத்தான், ஒன்று, இரண்டு, அவன் எடுப்பது எப்படி அச்சாகும் என்று எனக்குத் தெரியாது, நாளைக்கு ராணுவ வீரர் ரகளை என்று வரலாம், ஒன்றும் வராமலே போகலாம். வந்தாலும் வராவிட்டாலும் இனி எனக்கு ஒன்றுதான், நோட்டில் இருக்கிறது. முப்புடாதி எழுதி முடித்து நிமிர்ந்தாள், அப்போதுதான் என்னைப் பார்த்தாள், கோபம் போகவில்லை, போகவேண்டாம்.

“இத அன்னைக்கே எழுதியிருக்கலாம்லா அண்ணாச்சி,” என்றாள்.

எழுதியிருக்கலாம். நோட்டு பிச்சைக்கண்ணுவிடம் திரும்பி வந்தது. அவர் சுண்டலை நாற்காலிக்கு அடியில் வைத்தார், கையை வேட்டியில் துடைத்தார், இரண்டு வரிகளையும் உதடு அசையப் படித்தார், தங்கபாண்டியை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்து, கோடு போட்டாப் போதாதா என்று மெதுவாகக் கேட்டார். போதாது, முழுசா எழுதுங்க என்றேன். பேனா மூன்றாவது கட்டத்துக்கு மேலே நின்றது, நின்றுகொண்டே இருந்தது, பயந்துவிட்டார் என்று நினைத்தேன், பின்வரிசையில் இரண்டு பேர் அடுத்து யார் என்று எட்டிப் பார்த்தார்கள்.

“மழைக்கு எந்த ழ அண்ணாச்சி?” என்றார்.

அவர் காலடியில் குந்தி உட்கார்ந்தேன், மெடல்கள் ஒன்றோடொன்று இடித்தன, பந்தல் மணலை உள்ளங்கையால் நிரவி, அதில் விரலை வைத்து எழுதிக் காட்டினேன்.